மரத்துப்போன காலும் மருத்துவம் கற்ற பாடமும்

கால் சுளுக்கினால் ஐஸ் கட்டி, முதுகு பிடித்துக்கொண்டால் சுடுநீர்ப் பை, அதற்கும் கேட்காவிட்டால் பிசியோதெரபி அறையில் மின்சார இயந்திரம். இந்த மூன்றையும் அறியாத குடும்பம் இன்று குறைவு. இவை நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், இவற்றை எப்படி ஆபத்தில்லாமல் பயன்படுத்துவது என்பதும் விளங்கும்.

முதலில் மின்சாரம். ஏறக்குறைய கி.பி. 47-இல் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமாபுரி மருத்துவர், கவுட் எனப்படும் மூட்டு வலிக்கு ஒரு வழி சொன்னார். நோயாளி ஈரமான கடற்கரையில் நின்று, உயிருள்ள மின்திருக்கை மீனைக் காலடியில் வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வரை மரத்துப்போகும்வரை அசையக்கூடாது! மின்சாரம் என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது.

1855-இல் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன், தோலின்மேல் மின்முனைகளை வைத்துத் தனித்தனித் தசைகளை இயக்கும் முறையை நூலாக வெளியிட்டார். 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள், முதுகுத் தண்டில் வலிச் செய்திக்கு ஒரு கதவு போன்ற அமைப்பு உண்டு என்றும், தொடுஉணர்ச்சி நரம்புகளைத் தூண்டினால் அது மூடும் என்றும் விளக்கினார்கள். இன்றைய டென்ஸ் இயந்திரம் இந்தச் சிந்தனையை ஒட்டி வளர்ந்ததே. அது வலியைத் தணிக்கும். வலியின் காரணத்தை நீக்காது.

அடுத்து ஐஸ். 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், விளையாட்டுக் காயத்திற்கு ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 'ரைஸ்' என்று பெயரிட்டார். உலகமே அதைப் பின்பற்றியது. 2014-இல் அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஐஸ் வலியைக் குறைத்தாலும், உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வேலையைத் தாமதப்படுத்தலாம் என்றார். தாம் சொன்னதையே திருத்திக்கொள்ளும் துணிவு எல்லாருக்கும் வருவதில்லை.

மூன்றாவது சூடு. ஆஸ்திரேலியத் தாதி எலிசபெத் கென்னி 1940-இல் அமெரிக்கா சென்றபோது, போலியோ கண்ட குழந்தைகளின் கைகால்களை அசையாமல் கட்டி வைப்பதே வழக்கமாக இருந்தது. கென்னி அந்தக் கட்டுகளை அவிழ்த்தார். கொதிநீரில் நனைத்து, நீர் சொட்டாமல் பிழிந்த கம்பளித் துணியைச் சுற்றித் தசைகளை மெல்ல இயக்கினார். நோயைப் பற்றி அவர் தந்த விளக்கத்தை மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனாலும் 1942-இல் மினியாபொலிஸ் நகரில் அவர் பெயரிலேயே சிகிச்சை நிலையம் எழுந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். போலியோ தசையை முடக்கும். தோலின் உணர்ச்சியைப் பறிப்பதில்லை. சூடு மிஞ்சினால் குழந்தை அழும். அந்த அழுகையே பாதுகாப்பு.

இனிப்புநீர் உள்ளவர் கதை வேறு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. நாளடைவில் பாத நரம்புகள் கெட்டு, சூடு தெரியாமல் போகலாம். அத்தகைய அப்பாவோ பாட்டியோ சுடுநீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உறங்கினால், காலையில் கொப்புளத்தைக் கண்ட பிறகுதான் சுட்டதே தெரியும். ஆறாத புண் காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டு போய்விடும்.

ஆகவே சிகிச்சைக்கு முன், அந்த இடத்தில் சூடும் குளிரும் தெரிகிறதா என்று சோதிப்பது அவசியம். உணர்ச்சி குறைந்த இடத்தில் இம்மூன்றும் வேண்டாம். ஐஸ் என்றால் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். புதிதாக வீங்கிய இடத்தில் சூடு வைக்காதீர்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் மின்சார இயந்திரத்தைத் தொடக்கூடாது. கழுத்தின் முன்புறத்தில் எவருக்குமே அது கூடாது.

அன்று மரத்துப்போவதே சிகிச்சையின் வெற்றி. இன்று மரத்துப்போன தோல்தான் முதல் எச்சரிக்கை. இன்றிரவு வீட்டுப் பெரியவரின் பாதத்தைத் தொட்டு, "தெரியுதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.