இரு சோதனைகளுக்கு நடுவே

செயற்கை சுவாசக் கருவி, மரணத்தை அறியப் பயன்பட்ட பழைய அடையாளங்களைக் குலைத்தது. 1968இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் குழு, மீட்சியற்ற ஆழ்மயக்கத்தை மரணமாகவே கொள்வதற்கான அளவுகோல்களை வகுத்தது. ஆனால், மார்பு ஏறியிறங்க, உடல் சூடு தணியாதிருக்க, உயிர் பிரிந்துவிட்டது என்பதை உறவினரிடம் எவர், எப்போது, எச்சொற்களால் கூறுவது என்பதற்கு அளவுகோல் ஏதுமில்லை.

இந்தியாவின் 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம், மூச்சையும் தன்னுணர்வையும் தாங்கும் மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு நிரந்தரமாகச் செயலிழப்பதை, அதாவது மூளைச்சாவை, மரணமென ஏற்றது. நான்கு மருத்துவர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரு முறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். பிழையைத் தவிர்க்க விதிக்கப்பட்ட அவ்விடைவெளியே, குடும்பத்தார் இழப்பை உணர்வதற்கான அவகாசமாகவும் அமைந்தது. சட்டம் எண்ணாமலே விளைந்த பெருநன்மை இது.

தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பற்றிக் குடும்பத்தாருடனான உரையாடல் ஐயத்தின் நிழலில்தான் தொடங்கியது. சிறுநீரகம் விற்ற ஏழைகளால் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர்பெற்ற வில்லிவாக்கத்தின் நினைவு மறையாத சென்னையில், மருத்துவர் உறுப்பைப் பற்றிப் பேசினாலே அச்சம் எழுந்தது இயல்பே. 2008இல் மருத்துவர்களான பெற்றோர் தம் மகனின் உறுப்புகளை வழங்கியது மாநிலத்தையே உலுக்கியது. எனினும் அவர்களுக்கு மூளைச்சாவை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, பிற குடும்பங்களுக்கோ விளக்கமே முதல் தேவையாக இருந்தது. 'மூளைச்சாவு' என்ற சொல்லே, மூளை மட்டும் இறந்தது, ஆள் இறக்கவில்லை என்ற மயக்கத்துக்கு இடமளிப்பது.

இவ்விடத்தில்தான் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரின், அதாவது மருத்துவமனைக்கும் குடும்பத்துக்கும் நடுவே நின்று பேசுபவரின், பணி உருப்பெற்றது. மரணச் செய்தியைச் சிகிச்சையளித்த மருத்துவர் முதலில் கூற, அது மனத்தில் படிந்த பின்னரே தானத்தைப் பற்றி ஒருங்கிணைப்பாளர் கேட்பது அப்பணியின் அடிப்படை நெறியாயிற்று. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டால், உறுப்புக்காகவே மரணம் அறிவிக்கப்பட்டதாகத் தோன்றிவிடும். 2011இன் சட்டத்திருத்தம் ஒருங்கிணைப்பாளரைக் கட்டாயமாக்கியதோடு, தானத்துக்கான வாய்ப்பைக் குடும்பத்தாரிடம் எடுத்துரைப்பதையும் கடமையாக்கியது.

அச்சட்டம் நெருங்கிய உறவினர் எனப் பெற்றோர், துணைவர், மக்கள், உடன்பிறந்தோர், பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரை வரையறுக்கிறது. தாய்மாமனுக்கு அதில் இடமில்லை. ஆயினும், தாய் சம்மதக் கையெழுத்திடுவதற்கு முன் அம்மாமன் ஊரிலிருந்து வந்து சேரட்டும் என்று குடும்பம் கேட்டால், ஒருங்கிணைப்பாளர் காத்திருக்கவே வேண்டும்.