காதர்பேட்டையின் பாதி லேபிள்

1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடித் திருப்பூர் வந்தார். உள்நாட்டு பனியனுக்குப் பேர்போன ஊர் மெல்ல எக்ஸ்போர்ட் ஊரானது. கூடவே மிச்சமும் சேர்ந்தது.

ஆர்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தைப்பது வழக்கம். எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, சாய வித்தியாசம் என்று செக்கிங்கில் கழிந்தவையும் ரத்தான ஆர்டர்களும் ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டைக்குப் போயின.

வேடிக்கை அங்கேதான். கழுத்தில் பாதி வெட்டிய லேபிள் தெரிந்தால் அது 'ஒரிஜினல் எக்ஸ்போர்ட்'. மலிவாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதே துணி லேபிள் இல்லாமல் செகண்ட்ஸ் குவியலில் கிடந்தால், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுவார்கள்.

மலிவாகத் தள்ளும் மிச்சம் முழு விலைச் சரக்கின் விற்பனையையே கெடுப்பதும் உண்டு. அமெரிக்காவில் 1983இல் வீடியோ கேம் சந்தை சரிந்தபோது, தேங்கிய கேட்ரிட்ஜ்களைக் கடைகள் அடிமாட்டு விலைக்குத் தள்ளின. பக்கத்திலேயே முழு விலையில் இருந்த புது கேம்களைச் சீந்த ஆளில்லை. அந்தக் கதியிலிருந்து திருப்பூர் தப்பியதற்குத் தூரமும் ஒரு காரணம்: முழு விலை கொடுத்தவர் ஐரோப்பாவில், மிச்சத்தை வாங்கியவர் இங்கே. இரண்டு விலையும் ஒரே கடையில் மோதிக்கொள்ளவில்லை.

பிற்பாடு, உள்ளூருக்கென்றே தைத்த பனியனும் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்ற பேரில் விற்பனைக்கு வந்தது.