நாகம் போலத் தோன்றும் பாம்புகள்: நீங்கள் அறிய வேண்டியவை

நாகப்பாம்பு தன் கழுத்திலுள்ள நீண்ட விலா எலும்புகளை விரித்துப் படமெடுக்கிறது. இது எதிரியை விலக்கும் எச்சரிக்கையாகும். நஞ்சற்ற சில பாம்புகளும் அச்சுறுத்தப்படும்போது நாகத்தைப் போல நடந்துகொண்டு தம்மைக் காத்துக்கொள்கின்றன.

எவை நாகமாகக் கருதப்படுகின்றன?

• தண்ணீர்ப்பாம்பு: குளங்களிலும் நெல்வயல்களிலும் வாழ்ந்து, மீன்களையும் தவளைகளையும் உண்ணும். சீண்டப்பட்டால் தலையை உயர்த்திக் கழுத்தைத் தட்டையாக்கும், கடிக்கவும் செய்யும். இது மனிதருக்கு நஞ்சற்றது.

• சாரைப்பாம்பு: 2 மீட்டருக்கு மேலும் வளரும்; எலிகளை உண்ணும். சினமுற்றால் கழுத்தை உப்பச்செய்து உறுமும். நாகமும் சாரையும் இணை சேரும் என்பது தவறான நம்பிக்கை. பின்னிப் பிணைந்து எழும் சாரைகள் பெரும்பாலும் தம்முள் போரிடும் ஆண்களே.

தோற்றத்தை வைத்து முடிவு செய்யலாமா?

கூடாது. படமெடுக்காத நாகம் சாரையைப் போலவே தோன்றக்கூடும். "சாரைதான் கடித்தது" என்றெண்ணி வீட்டிலேயே காத்திருப்பது உயிருக்கு ஆபத்தாகலாம்.

பாம்பு கடித்தால் செய்ய வேண்டியவை

• கடிபட்டவருக்குத் தைரியம் கூறி, நடக்கவிடாமல் படுக்க வையுங்கள்.
• மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள்.
• கடிபட்ட கை அல்லது காலை அசையாதவாறு வையுங்கள்.
• 108 அவசர ஊர்தியை அழைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

• கயிறு அல்லது துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள்.
• காயத்தைக் கீறவோ, வாயால் உறிஞ்சவோ வேண்டா.
• பாம்பைப் பிடிக்கவோ கொல்லவோ முயலாதீர்கள்.

மருத்துவமனையில் என்ன நிகழும்?

பாம்பைக் கொண்டு வராமலேயே சிகிச்சை அளிக்க இயலும். இந்தியாவில் வழங்கப்படும் நஞ்சுமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பயன்படும். கண்ணிமை தொங்குதல், விழுங்குவதிலும் மூச்சுவிடுவதிலும் சிரமம், வீக்கம், இரத்தக்கசிவு போன்ற அறிகுறிகளையும் இரத்தம் உறையும் தன்மையையும் மருத்துவர் ஆராய்வார்.

நஞ்சேறியதற்கான அறிகுறி இல்லையெனில் இம்மருந்து செலுத்தப்படாது. ஏனெனில் அது கடுமையான ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடும். ஆகவே மருந்து தரவில்லையே எனக் கவலைப்பட்டு வெளியேறிவிடாதீர்கள். அறிகுறிகள் தாமதமாகவும் தோன்றலாம் என்பதால், குறைந்தது 24 மணி நேரம் மருத்துவக் கண்காணிப்பில் இருப்பது அவசியம்.