கடல் வளமும் கச்சத்தீவும்

புகைவண்டிப் பணியால் மைசூரில் குடியேறிய நாம் கடலைக் காண்பது அரிது. ஆயினும் கச்சத்தீவு என்றதும் நெஞ்சம் கனக்கின்றது. பரப்பு 285 ஏக்கரே, குடிநீரும் அரிது. பின் ஏன் இத்துணை வழக்கு? சூழ்ந்துள்ள கடலின் செல்வமே காரணம். ஒரே முடியின்கீழ் இருந்தும், சென்னை அரசும் இலங்கை அரசும் 1921-இல் முத்தையும் சங்கையும் கருதிக் கொழும்பில் மீன்பிடி எல்லை பேசின.

1974 உடன்படிக்கையால் தீவு இலங்கையின்பாற் சென்றது. 1976-இல் குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள, மீன்வளம் மிக்க ‘வாட்ஜ் பாங்க்’ இந்தியாவுக்கு உறுதியாயிற்று. அவ்வாண்டு ஏற்பாட்டின்படியே, இலங்கைக் கடலில் நம் மீனவர் வலைவீசுதலும் விலக்கப்பட்டது. குமரிக் கடலின் ஆதாயத்தை இராமேசுவரத்துப் பரதவர் எங்ஙனம் உண்பர்? எல்லை வகுக்கும் அரசுகள் கடல் வளத்தைக் கணக்கிடுங்கால், அதனால் உயிர்வாழ்வோரையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும் என்பதே நமது துணிபு.