அறிவித்துவிட்டு அழித்தவை

2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயில் பயனர்களில் சிலர் தங்கள் கணக்கைத் திறந்தபோது உள்ளே ஒரு மடல்கூட இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் மொத்தத்தில் 0.02 சதவீதம்தான் என்றது கூகுள். சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது புகுந்த பிழையே காரணம். ஒவ்வொரு மடலுக்கும் வெவ்வேறு தரவு மையங்களில் பல நகல்கள் இருந்தும், அந்தப் பிழை எல்லாவற்றையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டது. கடைசியில் கைகொடுத்தது பழைய காந்த நாடா. இணைப்பிலிருந்து கழற்றித் தனியே வைக்கப்பட்டிருந்ததால் பிழை அதை எட்டவில்லை. சில நாட்களில் மடல்கள் திரும்பி வந்தன. இதற்கு 16 மாதங்களுக்கு முன், 2009 அக்டோபர் 26 அன்று, யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் என்ற தன் இலவச இணையப்பக்கச் சேவையை மூடியிருந்தது. அங்கே பிழையோ தீயோ எதுவும் இல்லை. ஏப்ரலிலேயே சொல்லிவிட்டு, சொன்னபடி அழித்தார்கள். இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோளாறிலிருந்து நம் தரவைக் காக்கும் வித்தையைப் பெரிய நிறுவனங்கள் நன்றாகவே கற்றிருக்கின்றன. தங்கள் சொந்த முடிவுகளிலிருந்து அதைக் காக்க அவர்களிடம் எந்த நாடாவும் கிடையாது. காப்பு நகல் என்ற வழக்கத்தின் கடந்த இருபது ஆண்டு வரலாறு இந்த இடைவெளியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

இந்த இடைவெளி எப்போது உண்டானது என்பதையும் சொல்லலாம். 1984இல் பாப் என்ற மின்னஞ்சல் நெறிமுறையின் முதல் வரைவு வந்தது. அதன்படி சேவை நிறுவனம் வெறும் தபால் நிலையம். மடல் உங்கள் கணினிக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து நீங்கிவிடுவதே வழக்கம். வன்தட்டு கெட்டால் இழப்பு உங்களுடையது, பழியும் உங்களுடையது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி இடத்தோடு வந்தது. ஹாட்மெயில் அப்போது 2 எம்பி கொடுத்துக்கொண்டிருந்தது. எதையும் அழிக்கவே வேண்டாம், எல்லாம் இங்கேயே கிடக்கட்டும் என்ற எண்ணம் அன்று வேரூன்றியது. அதில் உண்மையான நன்மையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆல்பங்களும் கணினிகளும் நீரில் ஊறிப்போன வீடுகளில், இணையத்தில் ஏற்றி வைத்திருந்த படங்கள் மட்டும் நனையாமல் இருந்தன. ஆனால் வன்தட்டின் பொறுப்பை ஒப்படைத்தபோது, எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று தீர்மானிக்கும் உரிமையையும் சேர்த்தே ஒப்படைத்துவிட்டோம். அதை அன்று யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஜியோசிட்டீஸ் அதற்கான முதல் பெரிய பாடம். 1994இல் டேவிட் போனெட்டும் ஜான் ரெஸ்னரும் தொடங்கிய அந்தச் சேவையில், இணையம் பேட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. திரைப்படப் பிரியர்களுக்கு ஹாலிவுட், அறிபுனை வாசகர்களுக்கு ஏரியா 51, கல்வி பேசுவோருக்கு ஏதென்ஸ். ஒவ்வொரு பக்கத்துக்கும் வீட்டு எண் போல ஓர் எண். 1999இல் யாஹூ இதைச் சுமார் 350 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. பத்தே ஆண்டில் வேண்டாத சுமை என்று முடிவு கட்டியது. ஜேசன் ஸ்காட் தொடங்கிய ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு, மூடுவதற்குள் முடிந்தவரை வாரி எடுத்து, அடுத்த ஆண்டு சுமார் 640 ஜிபி அளவுள்ள தொகுப்பாக வெளியிட்டது. பெரிய காரியம்தான். ஆனால் அந்நியர் எடுக்கும் நகலுக்கு ஓர் எல்லை உண்டு. அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் மயிலை, டிஸ்கி, டேப் என்று பல குறியாக்கங்களில் எழுதப்பட்டது. உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால், தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குவியல்தான் தெரியும். எந்த எழுத்துருவில் எழுதினோம் என்பது எழுதியவருக்குத் தெரியும். கடைசி வாரத்தில் வாரிக்கொண்டு ஓடுகிறவருக்கு அது குப்பையா கவிதையா என்பதே தெரியாது.

உரியவரே தன் நகலை எடுக்க வழி வேண்டும் என்ற எண்ணம் நிறுவனத்துக்கு உள்ளிருந்தும் எழுந்தது என்பதை மறைக்கக் கூடாது. கூகுளின் சிகாகோ அலுவலகத்தில் பிரையன் ஃபிட்ஸ்பாட்ரிக் 2007இல் தொடங்கிய ‘டேட்டா லிபரேஷன் ஃப்ரன்ட்’ குழுவின் உழைப்புதான் 2011 ஜூனில் டேக்அவுட் என்ற பதிவிறக்கச் சேவை ஆனது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2010 அக்டோபரில், ஃபேஸ்புக்கும் பதிவிறக்க வசதி தந்திருந்தது. அந்த வசதி எவ்வளவு குறைவானது என்பதை 2011இல் மேக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரிய சட்ட மாணவர் காட்டினார். ஐரோப்பியச் சட்டத்தின்படி தன்னைப் பற்றி ஃபேஸ்புக் வைத்திருக்கும் அனைத்தையும் கேட்டபோது அவருக்குக் கிடைத்தது 1,222 பக்கங்கள். தான் அழித்துவிட்டதாக நினைத்தவையும் அதில் இருந்தன. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 20ஆவது பிரிவு, தரவை எடுத்துச் செல்வதைச் சட்ட உரிமையாக்கியது.

கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டபோது இந்தப் பதிவிறக்கக் கதவு திறந்தே இருந்தது. படங்களையும் பதிவுகளையும் எடுத்துக்கொள்ள 2016 வரை அவகாசம் தரப்பட்டது. பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்து ஸ்கிராப் எழுதிய ஒரு தலைமுறைக்கு ஜியோசிட்டீஸ்காரர்களைவிட நல்ல வழியனுப்புதல் கிடைத்தது. ஆனாலும் இப்படி இறங்கும் மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் அது யாருக்காகக் கட்டப்பட்டது என்ற சந்தேகம் வருகிறது. கூகுள் போட்டோஸிலிருந்து எடுத்தால் படம் ஒரு கோப்பு. போட்டோஸில் நாம் சேர்த்த, திருத்திய தேதியும் இடமும் பக்கத்தில் இன்னொரு ஜேசன் (JSON) கோப்பு. இரண்டையும் திரும்பச் சேர்க்கத் தனி மென்பொருள் தேட வேண்டும். மடல்கள் மட்டும் தப்பித்தன. எம்பாக்ஸ் என்ற பழைய எளிய உரைக்கோப்பை இன்றும் பல மடல் மென்பொருள்கள் படிக்கும்.

விபத்துகளே இல்லையா என்று கேட்கலாம். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 2015க்கு முன் ஏற்றப்பட்ட இசையை சர்வர் மாற்றத்தில் தொலைத்ததை 2019இல் உலகம் அறிந்தது. 5 கோடிப் பாடல்கள் என்று மதிப்பிட்டார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் அரசுத் தரவு மையத்தில் பேட்டரியில் பற்றிய தீ, அரசு ஊழியர்களின் ஜி-டிரைவ் சேமிப்பை, 858 டிபி அளவுக்கு, எரித்துவிட்டது. இவை விபத்துகள்தான். ஆனால் விபத்தை ஈடுகட்ட முடியாத இழப்பாக மாற்றியது அதற்கு முன்பே எடுத்த முடிவு. ஜி-டிரைவின் கொள்ளளவு பெரிது என்பதால் அதற்கு வெளி நகல் வைக்கவில்லை. அதே நேரம், அலுவலகக் கணினியில் எதையும் வைக்காதீர்கள், எல்லாவற்றையும் அங்கேயே ஏற்றுங்கள் என்று ஊழியர்களுக்கு அறிவுறுத்தியிருந்தார்கள். நல்ல பிள்ளையாகச் சொன்னபடி செய்தவர்களே அதிகம் இழந்தார்கள்.

இலவசமாக வாங்கிக்கொண்டு ஆயுட்காலப் பொறுப்பையும் கேட்பதா என்ற எதிர்வாதம் இதைவிட வலுவானது. எந்த நிறுவனமும் நஷ்டத்தில் காலாகாலத்துக்கும் கிடங்கு நடத்த முடியாது. இரண்டு ஆண்டுகள் தொடாத கணக்கை நீக்கலாம் என்று கூகுள் 2023இல் வகுத்த விதியைக்கூட நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். எல்லாம் அழியாமல் இருப்பதும் நல்லதல்ல; பதினெட்டு வயதில் எழுதியதை ஜியோசிட்டீஸோடு மறந்துவிட விரும்பியவர்களின் பக்கங்களும் அந்த 640 ஜிபிக்குள் கிடக்கின்றன. ஆனால் நான் கேட்பது நிரந்தர வைப்பை அல்ல. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற தேர்வு எழுதியவர் கையில் இருக்க வேண்டும்; அதற்குப் போதிய அவகாசமும், பயன்படும் வடிவில் ஒரு நகலும் வேண்டும். அப்படிப்பட்ட நகல் எடுத்தவர், நிறுவனம் கடை கட்டினாலும் கவலைப்பட வேண்டியதில்லை. நிறுவனத்துக்கும் அது பெரிய செலவில்லை என்பதை டேக்அவுட்டே காட்டிவிட்டது.

இந்தியாவில் இப்படி நகல் கேட்கும் உரிமை ஏறக்குறைய கைக்கெட்டி நழுவியது. 2018, 2019 மசோதா வரைவுகளில் தரவை எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை. திருத்தவோ அழிக்கவோ சொல்லலாம். எதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு சுருக்கமும் பெறலாம். மடல்களையும் படங்களையும் முழுதாக, இன்னொரு கணினியில் திறக்கக்கூடிய வடிவில் தாருங்கள் என்று கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. இங்கே டேக்அவுட் பொத்தான் இருப்பது நிறுவனத்தின் விருப்பம். நாளை அதை எடுத்துவிட்டால், அந்தச் சட்டத்தைக் காட்டிப் புகார் கொடுக்க வழியில்லை.