எல்க், மிளா, அப்புறம் எங்க தாத்தாவோட பரண்

போன வருஷம் ஆபீஸ் வீடியோ காலில் க்ளையண்ட் பக்கத்து ஆள் ஒருத்தர் லீவில் போய்வந்த வேட்டைக் கதையை எடுத்து விட்டார். கொலராடோ மலையில் எல்க் வேட்டையாம். முதுகில் மாட்டிக்கொண்டு போகிற அலுமினிய இருக்கை. அதை மரத்தில் பெல்ட் போட்டுக் கட்டிவிட்டு, வில்லோடு மணிக்கணக்கில் மேலே காத்திருப்பாராம். "உங்க ஊர்ல எல்க் உண்டா?"ன்னு கேட்டார். எங்க ஊர் சிவகாசி. வெடி உண்டு, காலண்டர் உண்டு, எல்க் எங்கே போக? இல்லைன்னு சொல்லிட்டேன்.

தப்பான பதில் சொல்லிட்டோம்னு ராத்திரி கூகிளாண்டவரைக் கேட்ட பிறகுதான் தெரிஞ்சது.

எல்க் என்பது ஐரோப்பாவில் ஒரு மிருகம் (அமெரிக்காக்காரர்கள் மூஸ் என்பது அதைத்தான்), அமெரிக்காவில் வேறொரு மிருகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் பலர் மூன்றாவதாக ஒன்றுக்கும் அதே பெயரை வைத்தார்கள். அது நம்ம கடமான். எங்க பக்கத்துப் பேச்சில் மிளா. இலங்கை நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் 1850களில் எழுதிய வேட்டைப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'எல்க்'தான். அத்தனையும் மிளா! மனுஷன் அதைச் சுட்டதைவிட நாய்களை விட்டுத் துரத்தி, கத்தியால் குத்திக் கொன்றதுதான் அதிகம். ஊட்டியில் எல்க் ஹில் இருக்கே, அதுவும் இந்த எல்க் தான். சிவகாசியிலிருந்து பார்த்தால் மேற்கே தெரிகிற ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் இன்றைக்கும் மிளா உண்டு. நல்ல ஆண் மிளா இருநூறு கிலோவைத் தாண்டும்.

அப்போ அந்த மர இருக்கை? அதுவும் நம்மகிட்ட இருந்ததுதான், பரண். மிளாவுக்குக் கண்ணைவிட மூக்கும் காதும் கூர்மை. ஆள் வாடை பட்டால் காலைத் தரையில் உதைத்து, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுக்கும், காடே உஷாராகிவிடும். உயரத்தில் உட்கார்ந்தால் வாடை தலைக்கு மேலேயே போய்விடும். மேலே அண்ணாந்து பார்க்கிற பழக்கமும் அதுக்குக் குறைவு. லாஜிக் அவ்வளவுதான்.

ஆனா நம்ம ஊர்ப் பரண் முதலில் வேட்டைக்கு வந்தது இல்லை. சங்கப் பாட்டில் இதணம் என்று வருவது தினைப்புனக் காவல் பரண். வள்ளி அதில் நின்றுதான் கிளி விரட்டினாள். வள்ளி திருமணம் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கதையில் வேட்டைக்காரன் கீழே நிற்கிறான், காவல்காரிதான் மேலே. துப்பாக்கியோடு வந்த ஷிகாரிகள் அந்த இடத்தை மாற்றிப் போட்டார்கள். கட்டிப்போட்ட எருமைக்கன்று கீழே, துரை மேலே.

வடக்கே அதுக்குப் பெயர் மச்சான் (நம்ம மச்சான் இல்லீங்க!). மஞ்சம் என்கிற சொல்லோடு ஒரே வேர். பெங்களூர் கென்னத் ஆண்டர்சன், சேலம், தருமபுரிப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போனவர், கயிற்றுக் கட்டிலையே மரத்தில் ஏற்றிக் கட்டி உட்கார்ந்திருக்கிறார். பலகையைப் போலக் கிறீச்சிடாது, தூக்கிப் போகவும் லேசு. சுத்திச் சுத்தி மச்சான் மறுபடி மஞ்சமாகவே ஆகிவிட்டது பாருங்கள்.

சுட்டுத் தள்ளியதில் மிருகம் குறைந்ததும், 1879ல் நீலகிரிக்கு வேட்டைச் சட்டம் போட்டார்கள். மிருகத்து மேல உள்ள பாசத்திலா? அடுத்த சீசனுக்குச் சுட மிச்சம் வேணுமே! முழுசா நிறுத்த ரொம்ப நாள் ஆச்சு. 1972 வனவிலங்குச் சட்டத்தில்கூட லைசென்ஸ் வேட்டைக்கு வழி இருந்தது. 1991 திருத்தத்தில்தான் அது போனது.

இதெல்லாம் படிக்கும்போது எனக்கு எங்க தாத்தா ஞாபகம்தான். அம்மாவைப் பெற்றவர். மலையடிவாரத்தில் நிலம். வீட்டு முற்றத்தில் ஒற்றை மிளாக் கொம்பு தொங்கும். பரணில் உட்கார்ந்து ஒரே குண்டில் சாய்த்ததாகச் சொல்வார். சின்னப் பசங்க நாங்க வாயைப் பிளந்துக்கிட்டு கேட்போம். ஒவ்வொரு தீபாவளிக்கும் மிளா கொஞ்சம் பெருசாகும். அவர் போன பிறகு, வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி தப்பு என்று மாமா அதை வனத்துறையில் ஒப்படைத்துவிட்டார். என்னிடம் போட்டோதான் இருக்கிறது.

அந்தப் போட்டோவைத்தான் போன மாசம் ஜூம் பண்ணிப் பார்த்தேன். மிளா கொம்பை உதிர்த்துவிட்டுப் புதுசு வளர்க்கிற ஜாதி. தானாக உதிர்ந்த கொம்பின் அடியில் சொரசொரப்பான வளையம் இருக்கும், அதுக்குக் கீழே லேசாக உப்பிய முண்டு, அதோடு முடிந்துவிடும். சுட்ட மிருகத்தின் கொம்பென்றால் வளையத்துக்குக் கீழே எலும்பு ஒட்டியிருக்கும், இல்லை ரம்பத்தால் அறுத்த தட்டை முகம் தெரியும். தாத்தா கொம்பில் வளையம், முண்டு. எலும்பும் இல்லை, அறுத்த தடமும் இல்லை.

காட்டில் பொறுக்கியது!

ஆச்சிக்கு போன் போட்டேன். "ஒங்க தாத்தாகிட்ட துப்பாக்கி ஏதுப்பா? பரண்ல தகரத்தத் தட்டிக்கிட்டு உக்காந்திருப்பாக. கடலைய மிளா தின்னுட்டா அந்த வருசம் நாம என்னத்தத் திங்க?" ஒரே குண்டுக் கதையைப் பத்திக் கேட்டேன். சிரிச்சாக. "ஒங்களுக்குச் சொல்ல வேற கதை இல்ல"ன்னாக.

1988ல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயமான அந்த மலை, 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. மாமா அதே நிலத்தில்தான் விவசாயம். பரணில் இப்போ சோலார் லைட் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் சிவகாசியிலிருந்து சரவெடி வாங்கிப் போவேன். முதல் வருஷம் நல்லா ஓடிச்சுதாம். இப்போ நாலு வெடி போட்டாலும் மிளா தலையைத் தூக்கிப் பார்த்துட்டு மறுபடி மேயுதாம். "அடுத்த தடவ வெடிய விடு, தாத்தாவோட தகரம் எங்கிட்டாவது கிடக்கான்னு அம்மாகிட்ட கேட்டுட்டு வா"ங்கிறார்.