இராமநாதபுரம் கடற்கரையில் கொள்ளைநோய்கள்: அம்மன் காப்பும் மண்டபம் முகாமும்

இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரை, காசி–இராமேசுவரம் யாத்திரிகர்களும் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களும் கடந்த வழியாகும். ஆட்கள் போன வழியே நோயும் போனது. அம்மை, காலரா, பிளேக் ஆகிய கொள்ளைநோய்களை இப்பகுதி இரு வகையில் எதிர்கொண்டது. ஊரார் அம்மனுக்குக் காப்புக் கட்டினர். அரசு கடலோரத்தில் முகாம் அமைத்தது.

நோய் வந்த வழி

1817இல் வங்காளத்தின் ஜெசூரில் பரவிய காலரா, சில ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவையும் இலங்கையையும் எட்டியது. மக்கள் இதனை வாந்திபேதி என்றனர். இந்நோய் அசுத்தமான நீரால் பரவுவது. யாத்திரிகர் கூடும் தீர்த்தங்களும் சத்திரங்களும் அதற்கு வாய்ப்பாயின. 19ஆம் நூற்றாண்டில் தொழிலாளர்கள் தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். காய்ச்சலாலும் காலராவாலும் பலர் வழியிலேயே இறந்தனர்.

அம்மன் வழிபாடு

பெரியம்மையை மக்கள் நோய் என்று மட்டும் கருதவில்லை. மாரியம்மனே உடலில் இறங்கியிருப்பதாகக் கொண்டனர். கொப்புளங்களை 'முத்து' என்றனர். வாசலில் வேப்பிலை செருகினர். வேப்பிலை செருகிய வீட்டுக்குள் வெளியார் நுழைவதில்லை. நோய் தணிந்தபின் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றினர். வழிபாடாகத் தொடங்கிய இம்முறை, நோயாளியைத் தனிமைப்படுத்தவும் உதவியது.

இம்மாவட்டத்தின் சிறப்பான விழா முளைப்பாரி. காப்புக் கட்டிய நாள் முதல் ஊரார் வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்பது வழக்கம். பெண்கள் விரதமிருந்து, நவதானியங்களை இருட்டறையில் முளைக்கவைத்து, கும்மியடித்துப் பாடுவர். பின்னர் முளைப்பாரியைச் சுமந்து சென்று நீர்நிலையில் கரைப்பர். மழை, விளைச்சல், நோயின்மை ஆகிய மூன்றும் இவ்விழாவின் வேண்டுதல்களாகும்.

மண்டபம் முகாம்

1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. தோட்டங்களைக் காக்க விரும்பிய இலங்கை அரசு, தூத்துக்குடி வழியே வந்த தொழிலாளர்களைத் தட்டப்பாறை முகாமில் தங்கவைத்துச் சோதித்தது. 1914 தொடக்கத்தில் கொழும்பிலும் பிளேக் பரவியது. அதே ஆண்டு பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி–தலைமன்னார் வழி முதன்மை பெற்றது. அதன்பின் மண்டபம் முகாமே முக்கிய வாயிலாயிற்று. இந்திய மண்ணில் இருந்த இம்முகாமை இலங்கை அரசே நடத்தியது.

அங்கு தொழிலாளர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுக்கு அம்மை குத்தப்பட்டது. துணிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. மேல்வகுப்புப் பயணிகளுக்கு இக்கட்டுப்பாடு தளர்வாகவே இருந்தது. முளைப்பாரிக் காப்பு ஊரார் அனைவரையும் கட்டியது. முகாமின் காவல் ஏழைத் தொழிலாளியையே இறுக்கிப் பிடித்தது.

பிற இடங்களில்

ஐரோப்பாவில் 1347 முதல் பரவிய பிளேக், எலும்புக்கூடுகள் மனிதரோடு ஆடும் 'சாவின் நடனம்' என்னும் ஓவிய மரபுக்கு இடமளித்தது. கத்தோலிக்கர் புனித செபஸ்தியாரைப் பிளேக்கிலிருந்து காப்பவராக வேண்டினர். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. நோயின் ஆங்கிலப் பெயரே தெய்வத்தின் பெயரோடு சேர்ந்துகொண்டது. இலங்கையில் பழைய நடைவழி முடியும் மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் உள்ளது. கடல் கடந்த தொழிலாளர்கள் தோட்டந்தோறும் மாரியம்மனை வைத்து வழிபட்டனர்.

எஞ்சியவை

பெரியம்மை இந்தியாவில் 1975இல் முடிவுக்கு வந்தது. 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியே இதைச் சாதித்தது. எனினும் மாரியம்மன் வழிபாடு குறையவில்லை. இன்று சின்னம்மைக்கும் வாசலில் வேப்பிலை தொங்குகிறது.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழியும் நின்றது. இலங்கைக்குச் செல்வோரை நிறுத்திவைத்த மண்டபம் முகாமில், 1980களிலிருந்து அங்கிருந்து வந்த தமிழ் அகதிகள் தங்கவைக்கப்பட்டனர். கொள்ளைநோய்க்காக எழுந்த எல்லை, நோய் நீங்கிய பின்னும் ஏழைகள் காத்திருக்கும் இடமாகவே நீடித்தது.